ஹெக்கத்தோனுக்கு முன் ஒரு ஹெக்கத்தோன்

'ஹெக்கத்தோன்' என்னும் சொல் எங்கள் மலைநாட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் கணினி வகுப்புகளுக்குச் செல்லும் பிள்ளைகளின் வாயில் அது சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. ஒரு பகலும் ஓர் இரவும், சில இடங்களில் இரண்டு பகலும் இரண்டு இரவும், ஒரே மண்டபத்தில் அமர்ந்து குழுக் குழுவாக மென்பொருள் எழுதி, முடிவில் நடுவர்முன் காட்டும் நிகழ்வுக்கே இப்பெயர். கினிகத்தேனையில் வசிக்கும் என் தங்கையின் மகள் நிரலாக்கம் பழகத் தொடங்கி ஆறு மாதங்கள்தான் ஆகின்றன. அத்தகைய நிகழ்வொன்றுக்கு அவளுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. "மாமா, நான் இப்பதான் படிச்சிக்கிட்டு இருக்கேன். அங்க வர்றவங்க எல்லாம் பெரிய பெரிய கெம்பஸ் பிள்ளைங்க. நான் போய் என்னா செய்யப் போறேன்?" என்று கேட்டாள். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. பழைய கதைகளை ஓரளவு தெரியும். ஆகவே, அவளுக்குச் சொன்னதைச் சற்று விரித்து வாசகர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

சொல்லின் வரலாறு சுருக்கமானது. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்பக் கல்லூரியில் 1946ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மாதிரி ரயில் மன்றத்தின் மாணவர்கள், பொம்மை ரயில் பாதைகளின் மின் இணைப்புகளில் செய்த சாமர்த்தியமான வேலைகளை 'ஹெக்' என்று குறிப்பிட்டனர். அதே மாணவர்கள் பின்னர் கல்லூரிக்கு வந்த கணினிகளின் பக்கம் திரும்பியபோது சொல்லும் அவர்களுடன் சென்றது. (ரயில் பாதையோடு பிறந்து வளர்ந்த ஹட்டன்காரர்களுக்கு இது கேட்க இனிமையான செய்தியாகவே இருக்கும்.) 'மரதன்' ஓட்டத்தின் வாலை அச்சொல்லில் ஒட்டி 'ஹெக்கத்தோன்' ஆக்கியவர்கள் ஓப்பன் பீ.எஸ்.டி. என்னும் இயங்குதளத்தை உருவாக்கியோர் ஆவர். 1999 ஜூன் 4ஆம் திகதி கனடாவின் கல்கரி நகரில் அவர்களுள் பத்துப் பேர் கூடினர். மறைகுறியாக்க மென்பொருளை அமெரிக்காவிலிருந்து வெளிநாடுகளுக்கு அனுப்புவதில் அந்நாட்டுச் சட்டம் அன்று பெரும் தடைகளை விதித்திருந்தது. அச்சிக்கலைத் தவிர்க்கவே எல்லைக்கு அப்பால் கூடிச் சேர்ந்து எழுதினர். அதே மாதத்தில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தின் ஜாவா மாநாட்டில் ஜோன் கேஜ் என்பவர், கையடக்கமான பாம் கருவிக்கு ஒரு நிரல் எழுதும்படி வந்திருந்தோருக்குச் சவால் விட்டார். அதற்கும் இதே பெயர்தான் சூட்டப்பட்டது. பரிசு, விளம்பரம், அனுசரணை நிறுவனங்களின் பதாகைகள், நள்ளிரவு பீட்சா எல்லாம் அதன் பின்னர் வந்து சேர்ந்தவை.

ஆனால் இந்நாட்டில் நடைபெற்ற மிகப் பெரிய ஹெக்கத்தோனுக்கு அப்படி எவரும் பெயர் சூட்டவில்லை. அதற்கு நடுவரும் இல்லை, பரிசும் இல்லை. அது 2004ஆம் ஆண்டின் கடைசி வாரத்தில் தொடங்கியது.

டிசெம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. போயா தினமும் கூட. அலுவலகங்கள் பூட்டிக் கிடந்தன. அன்று காலை கடல் வந்து போன பின்னர் இலங்கையில் ஏறக்குறைய 35,000 பேர் உயிரிழந்தோ காணாமற்போயோ இருந்தனர். ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் வீடிழந்தனர். அப்போது கொழும்பில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருந்த எனக்கு, அந்த வாரத்தின் நினைவாக இன்றும் எஞ்சியிருப்பது தொலைநகல் இயந்திரத்திலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்த பெயர்ப் பட்டியல்கள்தான். ஆஸ்பத்திரிப் பட்டியல், கோயில் மண்டபப் பட்டியல், பாடசாலை முகாம் பட்டியல், பள்ளிவாசல் பட்டியல். சில தமிழில், சில சிங்களத்தில், சில ஆங்கிலத்தில், பெரும்பாலானவை கையெழுத்தில். கல்முனையிலிருந்து வந்த ஒரு தாளில் இருந்த பெயரும் அம்பாறையிலிருந்து வந்த மற்றொரு தாளில் இருந்த பெயரும் ஒரே ஆளுடையவையா என்று சொல்ல எவராலும் முடியவில்லை. மறுமுனையிலோ தொலைபேசியில் ஒரு தகப்பன் காத்துக்கொண்டிருப்பார். மலைநாட்டிலிருந்தும் அழைப்புகள் வந்தன. காலி, அம்பலாங்கொடைப் பக்கக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலைக்குச் சென்றிருந்த எங்கள் பிள்ளைகள் பலர் இருந்தனர் அல்லவா? அவர்களைத் தேடும் அழைப்புகள் அவை.

அந்த வாரத்திலேயே கொழும்பில் கணினித் துறையினர் சிலர் கூடினர். இலங்கை மென்பொருள் மன்றம் என்று நாம் தமிழில் சொல்லக்கூடிய லங்கா சொப்ட்வெயார் பவுண்டேஷன், கட்டற்ற மென்பொருள் வளர்ச்சிக்காக அதற்குச் சற்று முன்னர்தான் அமைக்கப்பட்டிருந்தது. கலாநிதி சஞ்சீவ வீரவரண, சமிந்திர டி சில்வா முதலியோர் முன்னின்றனர். தனியார் நிறுவனங்களின் பொறியியலாளர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் தொண்டர்களாகச் சேர்ந்தனர். நூற்றுக்கணக்கானோர் இவ்வாறு கைகொடுத்தனர். பீ.எச்.பீ. மொழியும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளமும் அவர்களது கருவிகள். காசு கொடுத்து அனுமதிப்பத்திரம் வாங்கத் தேவையற்றவை, விரைவாகப் பழகக்கூடியவை, எந்தச் சாதாரணக் கணினியிலும் ஓடக்கூடியவை என்பதே இவற்றைத் தெரிவுசெய்தமைக்குக் காரணம். இவ்வாறு உருவான மென்பொருளுக்கு 'சஹன' என்று பெயரிட்டனர். சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். ஜனாதிபதி செயலகத்தில் அமைக்கப்பட்ட தேசிய செயற்பாட்டு மையத்தில் அது பயன்படுத்தப்பட்டது.

சஹன என்ன செய்தது என்பதை விளக்கினால்தான் தொடக்கநிலையினர் எதற்குப் பயன்படுவர் என்பது புரியும். அதில் முதன்மையான பகுதிகள் நான்கு. காணாமற்போனோர் பதிவேடு ஒன்று. எந்த அமைப்பு எந்த ஊரில் எந்த வேலையைச் செய்கிறது என்று காட்டும் நிறுவனப் பதிவேடு மற்றொன்று. முகாம்கள் எங்கே உள்ளன, ஒவ்வொன்றிலும் எத்தனை பேர் உள்ளனர் என்பது மூன்றாவது. இன்ன முகாமுக்கு இன்ன பொருள் தேவை என்ற கோரிக்கையையும், அதைத் தருவதாக ஒப்புக்கொண்டவரையும் இணைப்பது நான்காவது. இவற்றுள் ஒன்றுகூடக் கணினி விஞ்ஞானத்தின் உச்சிக்கொம்புச் சங்கதி அன்று. ஒரு பலசரக்குக் கடைக்காரர் தமது கொப்பியில் எழுதிவைக்கும் பற்றுவரவைப் போன்றதே. ஆயினும் அந்தக் கொப்பி இல்லாத காரணத்தால், ஒரு முகாமில் பழைய உடுப்பு மலைபோல் குவிந்து கிடக்க, அடுத்த ஊர் முகாமில் குழந்தைகளுக்குப் பால்மா இல்லாத நிலை அந்நாட்களில் ஏற்பட்டது. செய்தியாளர்களாகிய நாங்கள் அதைக் கண்ணால் கண்டோம்.

நிரலை எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிடவில்லை. கையெழுத்துப் படிவங்களை வாசித்துக் கணினியில் ஏற்ற வேண்டும். ஒரே பெயர் இருமுறை பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'சேமி' என்ற பொத்தானை அழுத்தினால் உண்மையிலேயே சேமிக்கப்படுகிறதா என்று நூறு தரம் அழுத்திப் பார்க்க வேண்டும். இவை தொடக்கநிலையினர் செய்யக்கூடிய வேலைகள் மட்டுமல்ல, அவர்கள் இல்லாவிட்டால் நடக்காத வேலைகள். எட்டு மாதங்கள் கழித்து, 2005 ஒகஸ்ட் மாதம் அமெரிக்காவைக் கத்ரினா சூறாவளி தாக்கியபோதும் இதே கதைதான். வெவ்வேறு இணையத்தளங்களில் சிதறிக் கிடந்த 'என் தாயைக் காணவில்லை', 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்ற அறிவிப்புகளை ஒரே இடத்தில் சேர்க்கத் தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் அமர்ந்து தட்டச்சுச் செய்தனர். அவர்களில் மிகப் பலர் நிரலாளர்கள் அல்லர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த பொதுவான தரவு வடிவமே, 2010 ஜனவரியில் ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது கூகிள் நிறுவனம் அமைத்த ஆள்தேடும் சேவைக்கு அடிப்படையாயிற்று. உலகில் எல்லாம் வல்ல அமெரிக்காவும் அன்று எங்கள் செய்தி மேசையின் நிலையில்தான் நின்றது என்று எண்ணும்போது ஒருவகை ஆறுதல் உண்டாகிறது, அது சற்று அற்பமான ஆறுதல்தான் என்றாலும்!

சஹனவின் முதல் வடிவம் அவசரத்தில் எழுதப்பட்டது. இலங்கைக்கும் அந்த ஓர் அனர்த்தத்துக்கும் மட்டுமே பொருந்தக்கூடியதாக இருந்தது. எனவே அவசரம் தணிந்த பின்னர், சுவீடன் அபிவிருத்தி முகவரகமான சீடாவின் உதவியுடன் அதை எந்த நாட்டிலும் பயன்படுத்தக்கூடிய வகையில் புதிதாக எழுதினர். 2005 ஒக்டோபர் 8ஆம் திகதி பாகிஸ்தானில் ஏற்பட்ட நிலநடுக்கத்தின் பின்னர் அந்நாடும், 2006 பெப்ரவரியில் தென் லெய்ட்டே மாகாணத்தில் ஒரு கிராமத்தையே புதைத்த மண்சரிவின் பின்னர் பிலிப்பைன்ஸும், அதே ஆண்டு மே மாதம் யோக்யகர்த்தா நிலநடுக்கத்தின்போது இந்தோனேசியாவும் அதைப் பயன்படுத்தின. கட்டற்ற மென்பொருள் அமைப்பு, சமூகப் பயனுக்கான தனது 2006ஆம் ஆண்டு விருதை சஹனவுக்கு வழங்கியது. அதற்கு முந்திய ஆண்டு அவ்விருதைப் பெற்றது விக்கிப்பீடியா என்பது குறிப்பிடத்தக்கது. இதற்குச் சமாந்தரமாக, மாணவர்களைக் கட்டற்ற மென்பொருள் பணியில் ஈடுபடுத்த 2005இல் கூகிள் ஆரம்பித்த கோடைகாலத் திட்டத்தில், முதற் பத்தாண்டுக் கணக்கில் உலகிலேயே மிக அதிகமான மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகமாக மொறட்டுவைப் பல்கலைக்கழகம் விளங்கியது. மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் நின்றன. மொறட்டுவையின் மாணவர்கள் சென்ற திட்டங்களில் சஹனவும் ஒன்று.

மென்பொருளால் ஆகாததும் உண்டு. நிவாரணத்தை வடக்கிலும் கிழக்கிலும் கூட்டாக நிர்வகிக்க அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் மாதம் கைச்சாத்திட்ட பொதுக்கட்டமைப்பை, அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை மூலம் நிறுத்தியது. பட்டியல் எவ்வளவு சீராக இருந்தாலும், பொருள் யார் கையால் போய்ச் சேர வேண்டும் என்ற வழக்கு அதனால் தீராது. கணினிக்காரர்களை நொந்துகொள்ள இதில் ஒன்றுமில்லை.

நான் நீண்ட காலமாக யோசித்து வந்திருப்பது காணாமற்போனோர் பதிவேட்டைப் பற்றி. ஒரு பெயரைக் கணினியில் தேடுவது என்பது நம்மவர் விடயத்தில் எளிதன்று. ஆங்கிலத்தில் ஒலிப்பை வைத்துப் பெயரைத் தேட 'சவுண்டெக்ஸ்' என்னும் முறை இருக்கிறது. ரொபர்ட் ரசல் என்ற அமெரிக்கர் 1918இல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, எஞ்சிய மெய்யெழுத்துகளை ஒலிக்குடும்பங்களாகப் பிரித்து, குடும்பத்துக்கு ஓர் எண் கொடுப்பது அதன் வழி. இராமசாமி என்பதை இடையில் 'டபிள்யூ' சேர்த்து எழுதினாலும் சேர்க்காமல் எழுதினாலும் அது ஒன்றாகவே கண்டுகொள்ளும். நல்லது. ஆனால் செல்லையாவை ஒரு கிளார்க் 'எஸ்' போட்டும் இன்னொருவர் 'சி' போட்டும் எழுதினால் இருவரும் வெவ்வேறு ஆட்களாகிவிடுவர். முதல் எழுத்து மாறிவிட்டதே! ஞானமுத்துவை 'ஜி'யில் தொடங்குவோரும் உண்டு, 'என்'னில் தொடங்குவோரும் உண்டு. மேலும், படிவம் 'குடும்பப் பெயர்' கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? தகப்பன் பெயரை அங்கே எழுதினால், தகப்பனும் மகனும் வெவ்வேறு குடும்பத்தவர் ஆவர்.

தமிழில் நேரடியாகவே பதிவு செய்யலாமே என்று கேட்கலாம். 2004ஆம் ஆண்டில் அதுவும் சிக்கல்தான். தமிழுக்கு யூனிக்கோடில் 1991இலேயே இடம் கிடைத்திருந்தது. ஆனால் எங்கள் பத்திரிகை அலுவலகங்களில் ஆட்சி செய்தது பாமினி எழுத்துருவே. பாமினியில் நாம் 'அ' என்று காண்பது, கணினியைப் பொறுத்தவரை ஆங்கில 'எம்' எழுத்தின் மீது போர்த்திய ஒரு சட்டை மாத்திரமே. எழுத்துருவை நீக்கினால் அம்மா என்பது அரைப்புள்ளி கலந்த ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். அப்படி இருக்கையில் தேடுவது எங்ஙனம்? முகுந்த் முதலிய 'தமிழா' குழுவினரின் எ-கலப்பையும், சுரதா யாழ்வாணனின் எழுத்துரு மாற்றியும், அதிராம்பட்டினத்து உமர்தம்பியின் தேனீ எழுத்துருவும் அந்தக் காலத்தில் எவ்வளவு பெரிய உதவி என்பதை இன்று கைபேசியில் தமிழ் தட்டும் பிள்ளைகள் அறியமாட்டார்கள். உமர்தம்பி 2006இல் காலமானார். இவர்கள் எவரும் எந்த மண்டபத்திலும் கூடிப் போட்டியிட்டவர்கள் அல்லர். பெரும்பாலும் இரவில், சொந்த வேலை முடிந்த பின்னர், தனியே அமர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்தவர்கள்.

பெயரும் பதிவேடும் மலைநாட்டுத் தமிழனுக்குப் புதிய சங்கதிகள் அல்ல. பதிவேடுகளின் வழியாகவே அவன் இந்த நாட்டுக்குள் வந்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்ட எண்ணும் ஆள் எண்ணும் பொறித்த தகரத்துண்டைக் கொடுத்தே தமிழகத்திலிருந்து ஆட்களை அழைத்து வந்தனர். கங்காணியின் கீழிருந்த ஆட்களின் கடன் தொகையைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, அவர்களை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாற்றும் கருவியாயிற்று. 1921இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் குறித்தால்தான் அன்றைய பேர் விழும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்களை நாடற்றோராக்கிய பின், 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் விண்ணப்பித்தனர். பிரஜாவுரிமை கிடைத்ததோ சுமார் 134,000 பேருக்கு மட்டுமே. தொடர்ச்சியாக இங்கே வாழ்ந்ததைப் பத்திரங்களால் நிரூபிக்க வேண்டியிருந்தது. செக்ரோலில் ஒரு விதமாகவும் பிறப்புச் சான்றில் வேறு விதமாகவும் பெயர் இருந்ததால் அலைக்கழிந்த கதைகளை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்ல நிறையக் கேட்டிருக்கிறேன். எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்த அலைச்சல் முற்றாக ஓயவில்லை. இப்படிப்பட்ட சனத்தின் பிள்ளை ஒருத்தி, ஒரு தரவுத்தளத்தில் 'பெயர்' என்ற கட்டத்தை அமைக்க அமரும்போது, அவளுக்குத் தெரிந்த சில விடயங்கள் கொழும்பின் பெரிய நிரலாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. என் மருமகளுக்கு நான் சொன்னது இதைத்தான்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தை தோட்டத்தில் மண் சரிந்து லயங்களை மூடியது. எத்தனை பேர் உள்ளே இருந்தனர் என்ற கேள்விக்கு உடனடியாக விடை கிடைக்கவில்லை. முதலில் நூற்றுக்கணக்கில் சொல்லப்பட்ட எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகள் தப்பினர், வேலைக்குப் போனோர் தப்பினர், காம்பராவில் இருந்தோர் யார் என்பதை அயலவர்கள் விரல்விட்டு எண்ணிச் சொல்ல வேண்டியிருந்தது. சஹன பிறந்து பத்தாண்டுகள் நிறையும் வேளை அது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களை உலுக்கியபோதும், வீதிகள் அடைபட்டு, தொலைபேசித் தொடர்பு அறுந்து, ஊர்களில் யார் யார் இருக்கின்றனர் என்ற அதே கேள்வி மீண்டும் எழுந்தது.

கினிகத்தேனை, வட்டவளைப் பக்கம் இந்நாட்டிலேயே அதிக மழை கொட்டும் பிரதேசங்களுள் ஒன்று. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் ஹட்டன் வீதியில் எங்கே மண் சரியும் என்று சாரதிகள் கண்களால் மலையை அளந்துகொண்டே ஓட்டுவார்கள். சரிவு அபாய எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வெளியிடுகிறது. அந்த எச்சரிக்கை எந்த லயத்தின் எந்தக் காம்பராவுக்குப் போக வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் தேவை. இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் ஒரு தொடக்கநிலைக் குழு செய்து முடிக்கக்கூடிய அட்டவணை அது. நான் கண்ட படிவங்களில் வீட்டு இலக்கமும் வீதியின் பெயரும் கேட்கிறார்கள். தோட்டத்தில் வீதிக்குப் பெயர் இல்லை. பிரிவு, லயம், காம்பரா இலக்கம் என்று கேட்க வேண்டும். ஒரு காம்பராவுக்குள் மணமான இரண்டு பிள்ளைகளின் குடும்பங்களும் சேர்ந்திருக்கும் என்பதால், ஒரு முகவரிக்கு ஒரு குடும்பம் என்று வரையறுக்கக் கூடாது. ஆட்பெயரைத் தமிழிலும், அடையாள அட்டையில் உள்ளபடி ஆங்கில எழுத்திலும், கூப்பிடும் பெயரையும் தனித்தனியே வாங்க வேண்டும். தோட்டத்தின் பெயருக்கும் இரண்டு கட்டங்கள் வேண்டும்: கம்பனி வைத்த பெயருக்கு ஒன்று, சனம் அழைக்கும் பெயருக்கு ஒன்று.